பெற்றோரின் ஒப்பம்: யாழ்ப்பாணத்தில் அற்றோணித் தத்துவமும் முதுமையும்

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமாருக்கு இப்படியான தொலைபேசி அழைப்பு அடிக்கடி வருகிறது. "அம்மாவுக்கு அறளை பேரத் தொடங்கியிட்டுது. போன கிழமை என்னையே ஆரெண்டு கேட்டவ. இனியும் பிந்தக்கூடாது, ஒரு அற்றோணி எழுதுவம்." கேட்பவர் பொறுப்பான பிள்ளை. தாயின் மருந்துச் செலவுக்கு வங்கிக் கணக்கு இயங்க வேண்டும், வளவைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதே அவருடைய கவலை. ஆனால் அவர் கேட்கும் பத்திரம் அம்மாவின் நினைவு தெளிவாக இருந்த காலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியது. நினைவு குழம்பியபின் எழுதினால் அது செல்லாது. அதைவிடக் கடினமான உண்மை ஒன்றும் உண்டு. தெளிவாக இருந்தபோதே முறையாக எழுதி வைத்திருந்தாலும், நினைவு முற்றாகப் போனபின் அதைக்கொண்டு செய்யும் கருமங்களுக்கு இலங்கைச் சட்டத்தில் உறுதியான ஆதாரம் இல்லை. முதுமைக்கான பாதுகாப்பு என்று எங்கள் சனம் நம்பியிருக்கும் பத்திரம், முதுமை மோசமாகத் தாக்கும் கட்டத்தில் உயிரிழந்து விடுகிறது.

இதற்குக் காரணம் பழையது. அற்றோணித் தத்துவம் என்பது ஒருவர் தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். கொடுத்தவருக்கு என்ன செய்ய முடியுமோ அதைத்தான் பெற்றவரும் செய்யலாம். கொடுத்தவர் இறந்தால் அதிகாரம் முடிகிறது. அவர் சித்த சுவாதீனத்தை இழந்தாலும் முடிகிறது, ஏனெனில் தானே செய்ய முடியாத ஒன்றை அவர் சார்பில் பிறர் செய்வதை இந்தச் சட்டம் ஏற்பதில்லை. இலங்கையில் முதல்வர், முகவர் தொடர்பான சட்டம் 1852 ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இங்கிலாந்திலிருந்து வந்தது. 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டம் பத்திரத்தின் பதிவு போன்ற விடயங்களைத்தான் ஒழுங்குபடுத்தியது. மனநிலை தவறியபின்னும் தொடரும் தத்துவம் என்றொரு வகையை அது உருவாக்கவில்லை. 2022 இல் அந்தக் கட்டளைச் சட்டமும், நொத்தாரிசுமார், மோசடித் தடுப்பு, மரண சாதனம் ஆகியவை பற்றிய சட்டங்களும் ஒருங்கே திருத்தப்பட்டன. அந்தத் திருத்தங்களின் கண் முழுவதும் போலிப் பத்திரங்களின் மேல் இருந்தது. அது தேவையான வேலைதான். ஆனால் மறதி நோயில் விழுந்த முதியவரின் நிலை அங்கே கவனிக்கப்படவில்லை.

இலங்கை முழுவதற்கும் பொதுவான இந்தக் குறை யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏன் இவ்வளவு உறைக்கிறது? 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டு மக்களில் 12.4 வீதத்தினர் 60 வயதைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகும் முதியோர் பங்கு ஏறியே வந்திருக்கிறது. குடாநாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1983க்குப் பின் பிள்ளைகள் கனடா, பிரித்தானியா, சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று போய்ச் சேர்ந்தார்கள். காணி ஊரில் நின்றது, பெற்றோரும் ஊரில் நின்றார்கள். நாலு பிள்ளைகளைப் பெற்ற தாயை இன்று தம்பியின் மகளோ அயல்வீட்டுப் பெண்ணோ பார்க்கிறார். பத்திரத்தில் ஒப்பம் வைக்கும் பிள்ளை ஒரு கண்டத்தில், பணம் அனுப்பும் பிள்ளை இன்னொரு கண்டத்தில், சோறு கொடுப்பவர் பெறாமகள். இந்த மூவரில் யாருக்கு அதிகாரம் கொடுப்பது என்பது குடும்பக் கேள்வியாகவும் சட்டக் கேள்வியாகவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது.

காணியைப் பற்றிய அறிவும் அந்த முதியவரிடமே இருக்கிறது. உறுதிகள் ரங்குப்பெட்டிக்குள் கிடக்கும், அல்லது 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடும்போதோ 1995 ஒக்ரோபர் இடம்பெயர்விலோ தொலைந்திருக்கும். எந்த வேலி யாருக்குச் சொந்தம், கிணற்றுப் பங்கு எத்தனை, வாய்க்கால் எப்படிப் போகும், மலேசியாவுக்குப் போன பெரியப்பாவின் பங்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் அப்பாவின் நினைவில்தான் உண்டு. அந்த நினைவு மங்கும்போது காணியின் வரலாறும் போகிறது. எந்தப் பத்திரத்தை எழுதும் முன்பும் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த அறிவைக் கேட்டு எழுதி வைப்பது. காணியின் பெயர், பரப்பும் குழியும், நாற்புற எல்லை, உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவக மடிப்பு இலக்கம் எல்லாம் ஒரு கொப்பியில் ஏற வேண்டும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கே இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

2025 மார்ச் 28 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் இந்த ஆபத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகலாம் என்ற நிலை வந்தது. எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்தபின் அது நடைமுறைக்கு வராமல் நின்றுவிட்டது. ஆனால் அந்த வாரங்களில் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுந்தது. உரிமைக்காரர் எண்பது வயதில் படுக்கையில், பிள்ளைகள் வெளியில், அப்படியானால் யார் போய் விண்ணப்பம் கொடுப்பது? இன்னொரு முறை இப்படியொரு அறிவித்தல் வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

தத்துவம் இங்கே இரு திசையிலும் ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒன்று. வெளிநாடு போன பிள்ளைகள், தம் பெயரில் எழுதப்பட்ட சீதனக் காணியையும் வாங்கிய காணியையும் பார்க்க அப்பாவுக்குக் கொடுத்தது மற்றொன்று. இருபது வருடத்துக்கு முன் அறுபது வயதில் அதைப் பொறுப்பேற்ற தகப்பன் இப்போது எண்பதில். அவரே மறதி நோயாளியானால் அவரிடம் உள்ள அதிகாரமும் பயனற்றது. அந்தப் பழைய பத்திரத்தைக் காட்டி வேறு யாரோ அவரை ஒப்பம் வைக்கப் பண்ணும் ஆபத்தும் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் தாம் கொடுத்த பழைய தத்துவங்களைத் தேடிப் பார்த்து, தேவையற்றதை எழுத்தில் இரத்துச் செய்து, அந்த இரத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பத்திரத்தைக் கிழித்தெறிந்தால் மட்டும் இரத்தாகாது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் தொகுத்து, 1707 இல் 12 முதலிமார் பார்த்து ஏற்ற அந்த வழக்கச் சட்டம், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியர் ஆட்சியிலும் தொடர்ந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் உள்ள அசையா ஆதனத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இந்த விதி நீதியானதா என்பது வேறு விவாதம். பெண்ணின் சொந்தச் சீதனத்துக்கு ஆண் ஒப்பம் வைக்க வேண்டும் என்பதை இந்தக் காலத்தில் நியாயப்படுத்த முடியாது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் சட்டம் இருக்கும்வரை அதோடுதான் வேலை செய்ய வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 76 வயது, நல்ல தெளிவு. அப்பாவுக்கு 83, மூன்று வருடமாக மறதி நோய். அப்பாவின் சிகிச்சைக்காக அம்மா தன் சீதனக் காணியில் நாலு பரப்பை விற்க நினைக்கிறார். வாங்குபவர் தயார், விலையும் பேசியாயிற்று. அப்பாவின் சம்மதம் இல்லாமல் அந்த உறுதி நிற்காது. அப்பாவால் சம்மதம் கொடுக்கவும் முடியாது. அம்மா மகனுக்குத் தத்துவம் எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை. அம்மாவுக்கே இல்லாத அதிகாரம் மகனுக்குப் போகாது. வழி ஒன்றுதான். அதே கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, கணவரின் சித்த சுவாதீனமின்மையைக் காட்டி, அவருடைய சம்மதம் இன்றியே கைமாற்ற அனுமதி பெறலாம். இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்படாமலே, "அப்பா இருக்கும்வரை ஒண்டும் செய்யேலாது" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் வீடுகள் இருக்கின்றன. செய்யலாம். நேரமும் செலவும் எடுக்கும், ஆனால் செய்யலாம்.

அப்பா இறந்துவிட்ட வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. அதே 1911 கட்டளைச் சட்டத்தின் 1947 திருத்தத்தின்படி, கணவர் மரண சாதனம் எழுதாமல் இறந்தால் அவருடைய தேடிய தேட்டத்தில் (மணவாழ்வில் தேடிச் சேர்த்த சொத்தில்) பாதி மனைவிக்கும் மறுபாதி அவருடைய வாரிசுகளுக்கும் போகிறது. அம்மா இருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்கும் அப்போதே பங்கு விழுந்துவிட்டது. அம்மாவிடம் பெற்ற தத்துவம் அம்மாவின் பங்கை மட்டும்தான் தொடும். மெல்பேர்ணில் இருக்கும் தங்கச்சியின் பங்கை விற்கத் தங்கச்சியே தனியாகத் தத்துவம் அனுப்ப வேண்டும். தேசவழமை முன்வாங்குரிமை பற்றிய 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பங்காளிகளுக்கும், விற்பவர் இறந்தால் வாரிசாகக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை தருகிறது. மூத்தவன் தத்துவத்தை வைத்து வெளியாளுக்கு விற்றால் மற்றப் பிள்ளைகள் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். தத்துவம் எழுதுகிற அன்றே சகோதரர் எல்லோருக்கும் சொல்லிவிடுவது பின்னால் வரும் பல வழக்குகளைத் தடுக்கும்.

இனி நொத்தாரிசின் மேசைக்குப் போவோம். வழமையாக நடப்பது இதுதான். முச்சக்கர வண்டியில் அம்மாவைக் கூட்டி வருவார்கள். மூன்று பக்கத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஏற்கெனவே அச்சடித்த பத்திரம் மேசையில் இருக்கும். "உதில ஒப்பத்தை வையுங்கோ அம்மா, மூத்தவரின்ர பேருக்குத்தான்" என்று யாரோ சொல்வார்கள். அம்மா கண்ணாடியைத் தேடுவார். ஒப்பம் வைத்து முடிந்ததும் தேநீர். அந்த மூன்று பக்கத்தில் என்ன இருந்தது? விற்க, ஈடு வைக்க, நன்கொடை கொடுக்க, வங்கிக் கணக்கைத் திறக்க, மூட, கடன் வாங்க, வழக்குப் போட, சமாதானம் செய்ய, இந்த அதிகாரங்களை வேறொருவருக்கு மாற்ற எல்லாவற்றுக்கும் சம்மதம். அம்மாவுக்குத் தேவைப்பட்டதோ வங்கிக் கணக்கில் காசெடுக்கவும் தோட்டக்காணியைக் குத்தகைக்கு விடவும் ஒரு கை. பொது அற்றோணித் தத்துவம் எழுதுவது நொத்தாரிசுக்கு இலகு, பிள்ளைகளுக்கும் இலகு. முதியவருக்கு அது ஆபத்து. என்ன வேலைக்கு, எந்தக் காணிக்கு, எந்தக் கணக்குக்கு என்று பெயர் குறித்து எழுதும் விசேட அற்றோணித் தத்துவமே பெற்றோருக்கு ஏற்றது. விற்கும் அதிகாரம் தேவையானால் அந்த ஒரு காணிக்கு மட்டும், ஆகக் குறைந்த விலை குறித்து, பணம் அம்மாவின் கணக்கில்தான் சேர வேண்டும் என்று எழுதலாம். தனக்குத்தானே விற்கவோ நன்கொடை எழுதவோ தத்துவக்காரருக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

பத்திரம் அம்மா வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், ஒப்பமிடுபவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் சாட்சிகளின் முன்னிலையில் வாசித்து விளக்கும் கடமையை நொத்தாரிசின் தலையில் வைத்திருக்கிறது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகளுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நின்ற இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைப்பது சட்டத்தை ஏமாற்றுவது. நல்ல நொத்தாரிசு பிள்ளைகளை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியே ஐந்து நிமிடம் பேசுவார். "இது என்ன பத்திரம் அம்மா? ஆருக்கு என்ன அதிகாரம் குடுக்கிறியள்? வேண்டாமெண்டா நிப்பாட்டலாம் தெரியுமோ?" இந்த மூன்று கேள்விக்கும் அம்மா தன் சொல்லில் பதில் சொன்னால் பத்திரத்தின் அத்திவாரம் பலமானது. பழைய பத்திரம் வைத்திருப்போர், 2022 திருத்தத்துக்குப் பின் அதை மீள எழுத வேண்டுமா, பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் அதே மேசையில் கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டில் ஒப்பமிடும் பிள்ளைகள் இலங்கைத் தூதரகம் வழியாக உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருப்பதால் சில உறுதிப்படுத்தல்களுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை.

தெளிவு என்பதை எப்படி அளப்பது? வயது அளவுகோல் அல்ல. 90 வயதிலும் காணிக் கணக்கைப் பிசகாமல் சொல்பவர்கள் உண்டு. நோயின் பெயரும் முழு விடை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் உலகில் 5.7 கோடிப் பேர் மறதி நோயோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் பலருக்கு, தாம் யாரை நம்புகிறோம் என்று சொல்லத் தெரியும். பாரிசவாதம் வந்தவருக்குக் கை இயங்காது, பேச்சு குழறும், ஆனால் விளக்கம் இருக்கலாம். அவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம், தலையசைத்துப் பதில் தரலாம். சிறுநீர்த் தொற்றோ நீரிழிவு ஏற்றத்தாழ்வோ வந்தால் ஒரு வாரம் குழம்பிப் பின் தெளிபவர்களும் உண்டு. அந்த வாரத்தில் பத்திரம் எழுதுவது தவறு, அந்த வாரத்தை வைத்து "முடிஞ்சுது" என்று தீர்மானிப்பதும் தவறு. சந்தேகம் இருந்தால் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளநல வைத்தியரிடம் காட்டி, பத்திரம் எழுதும் நாளுக்கு அண்மையில் ஓர் அறிக்கை பெற்று வைப்பது பிற்காலத்தில் எழும் வழக்குக்கு நல்ல சான்று.

காலம் கடந்துவிட்டால் மிஞ்சுவது நீதிமன்றம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 556 ஆம் பிரிவிலிருந்து இதற்கு வழி வகுக்கிறது. உறவினர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய, நீதிமன்றம் வைத்தியச் சான்றைப் பார்த்து விசாரித்து, அந்த முதியவர் தன் கருமங்களைத் தானே பார்க்க இயலாதவர் என்று கண்டால், அவருடைய ஆதனத்துக்கு ஒரு முகாமையாளரையும் அவரைப் பார்க்க ஒரு பாதுகாவலரையும் நியமிக்கலாம். முகாமையாளர் ஆதனப் பட்டியல் கொடுக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். காணி விற்பதானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். இந்தக் கண்காணிப்பு நல்லது. ஆனால் தாயின் 40,000 ரூபா மருந்துச் செலவுக்கு அவருடைய சொந்த வைப்பிலிருந்து காசெடுக்க மாதக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நிற்பது எந்தக் குடும்பத்துக்கும் பாரம். இதைவிடக் கொடியது, தாயை "சித்த சுவாதீனமற்றவர்" என்று பிள்ளையே எழுத்தில் சொல்ல வேண்டி வருவது. அந்தச் சொல்லுக்குக் கூசியே பலர் நீதிமன்றம் போவதில்லை. தாயின் வங்கி அட்டையை எடுத்துச் சென்று இரகசிய இலக்கத்தை அழுத்திக் காசெடுப்பதே பல வீடுகளில் நடக்கும் மாற்று வழி. அன்போடு செய்தாலும் அது சட்டத்துக்கு வெளியே நடப்பது. உடன்பிறப்புகளுக்குள் பிணக்கு வந்தால் அன்போடு செய்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.

இதனால்தான் தத்துவம் ஒன்றையே நம்பாமல் வேறு ஏற்பாடுகளையும் சேர்த்துச் செய்வது புத்தி. இருவரில் யாரும் இயக்கலாம் என்ற நிபந்தனையுடன் கூட்டுக் கணக்கு திறக்கலாம். அன்றாடச் செலவுக்கு மட்டும் ஒரு கணக்கைப் பிரித்து, அதைப் பார்ப்பவரோடு கூட்டாக வைப்பது, முழுச் சேமிப்பையும் ஒருவர் கையில் கொடுப்பதைவிட மேல். கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிட நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 544 ஆம் பிரிவு இடம் தருகிறது. அது மரணத்துக்குப் பின் காசைப் பெறும் வழி, உயிரோடு இருக்கும்போது அதிகாரம் எதையும் தராது. மரண சாதனத்தை நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் எழுதலாம். தத்துவம் முடியும் இடத்தில் அது தொடங்கும்.

எங்கள் ஊரில் மிகப் பழகிய வழி, சீவிய உரித்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடை எழுதுவது. அம்மா சாகும்வரை வீட்டில் இருப்பார், உரித்து பிள்ளைக்கு. நல்ல பிள்ளையானால் சிறப்பு. ஆனால் அம்மாவின் கையில் இருந்த ஒரே பலம் அந்த வீடு, அதை அவர் முதலிலேயே கொடுத்துவிடுகிறார். கொடுத்தபின் பார்க்காமல் விட்ட பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் இல்லை. பாரிய நன்றிகேட்டின் காரணமாக மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியையும் நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்ய 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது அதனால்தான். ஆனால் 80 வயதில் வழக்காடுவது யார்? அவசரப்பட்டு நன்கொடை எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. மரண சாதனத்தை எந்த நேரமும் மாற்றலாம், நன்கொடையை மாற்றப் போராட வேண்டும்.

துஷ்பிரயோகம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வெளிநாட்டில் இருப்போரின் காணிகள் போலிப் பத்திரங்களால் கைமாறிய கதைகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். காணிப் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு இட 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தக் காணி சம்பந்தமாக வேறு பத்திரம் பதிவுக்கு வந்தால் பதிவிட்டவருக்கு அறிவிப்பு வரும். மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள். போலிப் பத்திரத்தைவிட அதிகம் நடப்பது, உண்மையான பத்திரத்தை வைத்துச் செய்யும் அநியாயம். அதைத் தடுக்க இருவரைக் கூட்டாக நியமிக்கலாம், அல்லது ஒருவருக்கு அதிகாரமும் மற்றொருவருக்குக் கணக்குப் பார்க்கும் உரிமையும் கொடுக்கலாம். பார்க்கும் பெறாமகளுக்கு மாதச் சம்பளமோ உதவியோ எவ்வளவு என்று எழுத்தில் வைப்பது அவரையும் சந்தேகத்திலிருந்து காக்கும். கைவிடப்பட்டவர்களுக்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை இருக்கிறது. வசதியற்ற 60 வயதுக்கு மேற்பட்டவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி அங்கே மனுச் செய்யலாம். பிரதேச செயலகத்து முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்டால் வழி சொல்வார். கைதடி முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பிள்ளையற்றவர்கள் அல்ல.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் வாழும் நாடுகளில் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். அதனால்தான் இங்கேயும் அப்படியே இருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இங்கிலாந்து 1985 இல் நீடிக்கும் தத்துவத்துக்குச் சட்டம் இயற்றியது. 2005 ஆம் ஆண்டின் மனநிலைத் தகைமைச் சட்டம் 2007 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தபின், சொத்துக்கு ஒன்றும் உடல்நலத்துக்கு ஒன்றுமாக இருவகைப் பத்திரம் எழுதிப் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிகிறார்கள். ஒன்ராறியோவில் 1992 ஆம் ஆண்டின் சட்டம் இதையே செய்கிறது. சுவிஸில் 2013 சனவரி முதல், சிங்கப்பூரில் 2010 மார்ச் முதல் இத்தகைய ஏற்பாடு உண்டு. ரொறன்ரோவில் எழுதிய தத்துவத்தைக் கொண்டுவந்து கோப்பாயில் உள்ள வளவை விற்க முடியாது, காணி எங்கே கிடக்கிறதோ அங்கத்தைய சட்டம்தான் அதை ஆளும். இந்தியாவின் நிலை எங்களைப் போன்றது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201 ஆம் பிரிவுப்படி கொடுத்தவர் சித்தம் கலங்கினால் முகவரின் அதிகாரம் முடிகிறது. அங்கே உயர் நீதிமன்றங்கள் வழக்கு வழக்காக வழி திறந்திருக்கின்றன. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்த கணவரின் பாதுகாவலராக மனைவியை ஏற்று, சிகிச்சைக்காக அவருடைய சொத்தை விற்க அனுமதித்தது. 50 லட்சம் ரூபாயை வைப்பில் இட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்வு பெற வேண்டும் என்றால் அதைச் சட்டம் என்று சொல்ல முடியாது.

வைத்தியத் தீர்மானங்களுக்கு இங்கே எழுதும் தத்துவம் எதுவும் உதவாது. வைத்தியசாலையில் அருகில் நிற்கும் உறவினரின் ஒப்பமே நடைமுறையில் செல்கிறது. எந்தச் சத்திரசிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தால் அதை எழுதி, பார்ப்பவர் கையில் ஒரு பிரதி கொடுத்து வைப்பதுதான் இப்போதைக்கு முடிந்தது.

இலங்கை 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்றது. அதன் 12 ஆம் உறுப்புரை ஒருவரின் சட்டத் தகைமையை மதித்து, அதைப் பயன்படுத்த உதவும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. தெளிவாக இருக்கும்போது ஒருவர் தானே தெரிந்தெடுத்த ஆளை, தெளிவு போனபின்னும் தன் சார்பில் நிற்க விடுவது அந்தக் கடமையின் மிக எளிய வடிவம். இதற்குப் புதிதாகப் பெரிய சட்டக்கோவை தேவையில்லை. 1902 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் நீடிக்கும் தத்துவம் என்ற பகுதியைச் சேர்க்கலாம். இரண்டு வைத்தியரின் சான்றோடு அது நடைமுறைக்கு வரட்டும், பதிவாளர் நாயகத்திடம் பதியப்படட்டும், கொடுத்தவர் பெயர் குறித்த இன்னொரு உறவினருக்கு அறிவித்தல் போகட்டும், ஆண்டுக்கொரு முறை கணக்குக் காட்டப்படட்டும். 1911 கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு மனுக்களையும் முகாமையாளர் நியமன மனுக்களையும் விரைந்து கேட்கக் குடாநாட்டு மாவட்ட நீதிமன்றங்கள் ஒரு நாளை ஒதுக்கட்டும். இலங்கைச் சட்ட ஆணைக்குழுவும் வட மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும். கட்சி பேதமின்றித் தனியார் உறுப்பினர் சட்டமூலமாகக்கூடக் கொண்டுவரலாம். யாழ்ப்பாணச் சட்டத்தரணிகள் அதற்கான வரைவை எழுதிக் கொடுக்கலாம், இந்த வழக்குகளை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அது வரும்வரை, அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஒரு முழுப் பகலை அம்மா அப்பாவோடு இருந்து, உறுதிகளையும் வங்கிப் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள். யாரை நம்புகிறீர்கள், எதை விற்கலாம், எதை விற்கவே கூடாது என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, அடுத்த நாளே நொத்தாரிசிடம் போங்கள்.